உப்போடைக்கு மேலே பிடித்த தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்த்து எழுதக் கை வரவில்லை. போன கடிதத்தில், இங்க தண்ணி தேனா இருக்கும்மா, முடி கொட்டறதுகூட நின்னுபோச்சு, லாண்டரியை மூடிட்டு ரெண்டு பேரும் கிளம்பி வந்துடுங்க என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தேனாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? மலைக்குள் சுரங்கம் குடைந்து இந்த ஆற்றில் முக்கால்வாசியை உங்கள் நகரத்துக்குத்தானே திருப்பிக்கொண்டு போகிறார்கள். உன்மேல் கோபமில்லை கண்ணு, யாரைத் திட்டுவது என்று தெரியாதபோது கைக்கு எட்டினவர்கள்மேல்தான் பாய்கிறது.

நம் லாண்டரிக்குக் கொஞ்சம் மேலே ஆற்றில் வந்து சேரும் உப்போடை உனக்கு நினைவிருக்கும், பாறையிலிருந்து சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வருமே, அதுதான். அது அன்றைக்கு வந்த அளவுதான் இன்றைக்கும் வருகிறது. ஆறு நிறைய ஓடியபோது அது கலந்ததே தெரியவில்லை, இப்போது ஆறே ஓடையாகிவிட்டதால் நம் குழாயில் வருவதில் பாதி அந்தத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்கமாட்டேன் என்கிறது, திரிதிரியாகத் திரண்டு துணியில் ஒட்டுகிறது. பாய்லருக்குள் ஓடு ஓடாகப் படிந்து, உன் அப்பா உளியும் சுத்தியலுமாகத் தலையை உள்ளே விட்டபடியே கிடக்கிறார். ஆஸ்பத்திரி விரிப்புகள் காய்ந்தால் அட்டைபோல் விறைத்து நிற்கின்றன. தலைமை நர்ஸ் போன் செய்து, படுத்துக் கிடக்கறவங்க முதுகெல்லாம் சிராய்க்குதும்மா, இந்த மாசம் பாப்போம், இல்லேன்னா வேற எடத்துக்குத்தான் குடுக்கணும் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரித் துணி போனால் லாண்டரியும் போனதுதான்.

சுரங்கத்துக்குப் போகாமல் ஆற்றுக்குத் தண்ணீர் விடும் மதகைக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கச் சொல்லி ஊரே மனுக் கொடுத்து, ஒருவழியாகத் தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வந்தார். நான் அவரைக் குழாயடிக்குக் கூட்டிப் போவதற்குள் உன் அப்பா இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் உடைந்த நாற்காலியை ஒளித்துவிட்டு நல்லதை இழுத்துப் போடுகிற மனிதர் ஆயிற்றே. இந்தக் கண்றாவியையா சார் பாக்கறது, வாங்க நல்ல தண்ணி காட்டறேன், எங்க ஆறு எப்படிப்பட்டதுன்னு நீங்க தெரிஞ்சுக்க வேணாமா என்று, உப்போடை சேரும் இடத்துக்கும் மேலே உள்ள மேட்டுக்கு அவரை மூச்சு வாங்க நடத்திக் கூட்டிப் போய்விட்டார். அதிகாரி கையில் அள்ளிக் குடித்து, அருமையா இருக்கே என்றாராம், பாட்டில்களையும் அங்கேயே நிரப்பிக்கொண்டாராம். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார், நான் தலையில் அடித்துக்கொண்டேன். பதிலும் வந்துவிட்டது, ஆற்றில் கரைந்துள்ள உப்பு அளவோடுதான் இருக்கிறது, மதகைக் கூடுதலாகத் திறக்க அவசியமில்லை என்று. நம் வாயில் நாமே மண்ணைப் போட்டுக்கொண்டோம். கேட்டால், வந்த மனுஷன்கிட்ட நம்ம ஆத்தைக் கேவலமாக் காட்டச் சொல்றியா என்கிறார். அந்த ஆறுதான் இப்போது இல்லையே என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவார், அதை என்னால் பார்க்க முடியாது.

நான் விடவில்லை, அலுவலகத்துக்கே போய்க் கத்தித் தீர்த்துவிட்டு வந்தேன். வருகிற வாரம் அந்த அதிகாரியே மறுபடி வருகிறார். உன் அப்பாவை அறைக்குள் வைத்துப் பூட்டவேண்டி வந்தாலும் பூட்டுவேன். வந்தவரை உட்காரவைத்து முதலில் நம் குழாய்த் தண்ணீரில் ஒரு செம்பு கொடுப்பேன், குடித்து முடிக்கிறவரை எதிரிலேயே நிற்பேன். அதற்கும் அசையாவிட்டால் லாண்டரியைப் பூட்டிவிட்டு எங்கேயாவது வேலைக்குப் போவேனே தவிர அங்கே வரமாட்டேன். நம்மிடமிருந்து கொண்டுபோனதை உங்கள் வீட்டில் வாங்கிக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சின்னவளுக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி இருக்க வேண்டும், இதை மட்டும் கோபமில்லாமல் எழுதுகிறேன். மறக்காமல் ஒன்று. பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டபடியே நிற்பாயே, அந்தப் பழக்கத்தை விடு. நீ மூடினால் மிச்சமாகிற தண்ணீர் இங்கே திரும்பி வரப்போவதில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் மூடு.

இப்படிக்கு,
உன் அம்மா