பெரியப்பா வீட்டு வாசலில் மின்னலின் வலது கால்

சிரிக்கக் கூடாத இடங்களில் எனக்கு முன்னரே சிரித்துவிடும் என் அப்பாவுக்கு,

மின்னல் நலம். இப்போது உங்கள் உள்ளங்கைக்குள் அடங்காது. ஆமைக் குஞ்சுக்கு மின்னல் என்று பெயர் வைத்த பஸ் டிரைவர் இந்த டூட்டிங் ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான் அப்பா.

பிரிட்ஜ் கதவில் மின்னலுக்காக நீங்கள் ஒட்டிய அட்டவணை அப்படியே இருக்கிறது. ‘காலை ஷிப்ட்: புறப்பட முன் குளிப்பு. மாலை ஷிப்ட்: மதியம் குளிப்பு. சூட்டு விளக்கு காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை.’ இப்போது அந்த ஷிப்ட் என்னுடையது. ஐஸ்கிரீம் பெட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிடம் மின்னலை ஊற விடுகிறேன். அதற்குள் பல் தீட்டி, தலை இழுத்துக் கட்டி, டோஸ்ட்டை விழுங்கிவிட வேண்டும். புதன்கிழமைதான் இடித்தது. அன்றைக்கு அம்மா முதியோர் இல்ல வேலைக்கு விடியவே போய்விடுவா. எனக்கும் வகுப்புக்கு முன் மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கும் வேலை.

அந்தப் புதனை அடைத்தது யார் தெரியுமா? உங்கள் அண்ணை!

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீடு நிறைய ஆட்கள். பெரியப்பா வாயில் வடையோடு என்னைக் காட்டிச் சொன்னார்: “ஆமை பூந்த வீடு உருப்படாதெண்டு நான் அப்பவே சொன்னனான். இவள்தானே அழுது வாங்குவிச்சவள்.”

வந்த ஆட்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் டிப்போவில் விழுந்த அன்று காலையும் மின்னலைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் போனீர்கள். அந்தத் தண்ணீரை வெளியே ஊற்ற எனக்கு இரண்டு நாள் எடுத்தது. நான் அழாமல் இருந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்களோ? அப்படி என்னை ஒரு நிமிடம் நினைக்க வைத்தாரே, அதற்குத்தான் இந்தப் பழிவாங்கல்.

அடுத்த வாரம் வகுப்பு முடிந்து வருகிறேன், பெரியப்பா மாற்றுச் சாவியால் வீட்டைத் திறந்து மின்னலைத் தன் காரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

“என்ன பெரியப்பா, ஆமைக்கு எங்க பயணம்?”

“ஆருக்கும் குடுத்துத் துலைக்கப் போறன் பிள்ளை. உங்கட நன்மைக்குத்தான்.”

“குடுங்கோ. ஆனா இப்ப அது உங்கட காருக்குள்ள எல்லோ பூந்திருக்கு?”

முகம் வெளுத்துவிட்டது. “எடு, எடு, கெதியா எடு!”

“எடுத்தாலும் தோசம் போகாதாம். பூந்த இடத்து ஆள் தன்ர கையால ஒரு வருசம் புதன்தோறும் காலமை குளிப்பாட்டோணுமாம்.”

“ஆர் சொன்னது?”

“ஒரு பெரிய குருக்கள். வீடியோவில.”

பச்சைப் பொய். அன்றிலிருந்து புதன்தோறும் நெற்றியில் திருநீறு, கையில் ரப்பர் கையுறையோடு ஆள் ஆஜர். ஒரு நிமிடம் பிந்துவதில்லை. உங்கள் பஸ்ஸைவிடத் திறம்.

போன புதன் எனக்குக் கடை லீவு. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கையுறையைக் காணோம். “தண்ணி சுடுதோடா மின்னல்?” என்று கேட்கிறார். உங்கள் குரல் அப்படியே. அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதேயுங்கோ. உடனே போய் அழுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் அவர் தலையில் கட்டினேன்.

இன்னும் இருக்கிறது. பெரியப்பா லூயிஷாமில் வீடு வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறார்கள். முப்பத்தோராம் நாளுக்கு வந்த அதே ஆட்கள்தான் அங்கும் வருவார்கள்.

நானும் மின்னலும் ஹாலில் ஒத்திகை பார்க்கிறோம். வாசற்படியைக் கடக்க நான்கு நிமிடம். பால் பொங்குவதற்குள் உள்ளே போய்விடலாம். அன்றைக்கு உங்கள் அட்டவணையை மட்டும் ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளுவேன். சத்தியமாய்ச் சொல்கிறேன் அப்பா, உங்கள் பிள்ளை குளித்து முழுகி, முன் வலது காலை எடுத்து வைத்துத்தான் அந்த வீட்டுக்குள் புகும்.

இப்படிக்கு,
அழுது ஆமை வாங்குவித்த உங்கள் மகள்,
தாரணி