நீங்கள் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு

மாப்பிள்ளை,

போன மாதம் என் மகள் நடக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் போட்டுவிட்டாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வாசலை விட்டு இறங்கினால் மலைக்கு ஏறுகிற வண்டிகள்தான். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ரோட்டில் நடக்கக் கூடாது என்று டாக்டரும் அவளும் பேசி முடிவு செய்தார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மெஷினை மாட்டிக் கொடுக்க வந்த ஆள் அதிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினார். ஒரு முனை மெஷினில் ஒட்டிக்கொள்கிறது, மறுமுனையில் சட்டையில் மாட்ட ஒரு கிளிப். நாம் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், மெஷின் நின்றுவிடும். "யாரும் இதை மாட்டறதில்லீங்க. சும்மா தொங்கட்டும்" என்றார் அவர். நான் அதை வாங்கிச் சட்டையில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ஏறினேன். மகள் என்னை வினோதமாகப் பார்த்தாள். முப்பது வருஷம் லாரி ஓட்டி, ஒருநாளும் பெல்ட்டு போடாத அப்பனல்லவா நான்.

அவளுக்குத் தெரியாது. அதே சிவப்பில் ஒரு கயிற்றை நீங்கள் ஒருநாள் என் மணிக்கட்டில் கட்டினீர்கள்.

எண்பதுகளின் கடைசி அது. நான் திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் முதலாளியிடம் கம்ப்ரசர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் தங்கச்சியைக் கட்டி, மோகனூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்தீர்கள். முதலாளியின் வண்டி வேலையெல்லாம் உங்களிடம்தான் வரும். மெட்ராஸ் ஹார்பர் ஏலத்தில் கம்ப்ரசர் சாமான் எடுக்கப் போனவர், கூடவே தார்ப்பாய் போர்த்திய ஒன்றையும் லாரியில் ஏற்றிவிட்டார். உங்கள் பட்டறை வாசலில் தார்ப்பாயை அவிழ்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்கூட்டர் மாதிரி சீட்டு, ஸ்கூட்டர் மாதிரி ஹேண்டில்பார், ஆனால் சக்கரம் இல்லை. அடிவயிறு படகு. தண்ணி ஸ்கூட்டர் என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டோம்.

அதனுடன் வந்த புத்தகத்தில் ஏழெட்டுப் பக்கம்தான் மிச்சம் இருந்தது. எழுத்து நமக்குத் தெரியாத எழுத்து, படம் மட்டும் புரிந்தது. நீங்கள் அந்தப் படங்களைப் பார்த்தே இரண்டு மாதத்தில் எஞ்சினைக் கிளப்பினீர்கள். கிளப்பியதோடு விடவில்லை. பரிசல்காரரைக் கூட்டிக்கொண்டு காவிரியில் மூங்கில் விட்டு ஆழம் பார்த்தீர்கள். மணல் மேடு இருக்கிற இடத்திலெல்லாம் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினீர்கள். இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்ப வேண்டும், கரையோரம் கிளப்பினால் மணலை உறிஞ்சிவிடும் என்று நீங்களே கண்டுபிடித்தீர்கள். யாரும் இல்லாத காலை நேரத்தில் பத்து நாள் நீங்களே ஓட்டிப் பழகினீர்கள். அத்தனை பாடும் எதற்கு என்று நான் அப்போது சிரித்தேன்.

நான் எதையும் யாரிடமும் கற்றவன் இல்லை. லாரியும் அப்படித்தான், டீசல் பம்பு பிரிப்பதும் அப்படித்தான், எழுதப் படிக்கக்கூட லோடு சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதைப் பத்துப் பேர் கூடுகிற இடத்தில் ஒரு தடவையாவது சொல்லாமல் நான் எழுந்ததில்லை.

மார்கழியில் ஒருநாள் முதலாளி தன் சிநேகிதர்களையெல்லாம் மோகனூர் கரைக்குக் கூட்டி வந்தார். வடக்கே போகிற புது ரிக்குக்கு யாரைத் தலைமையாய் அனுப்புவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம். எனக்கு அது கிடைக்க வேண்டும் என்று அப்போது எனக்கு இருந்த வெறி உங்களுக்குத் தெரியும். "நம்ம வண்டிக்காரர்ல கை சுத்தமானவன் இவன்தான்" என்று என்னைக் காட்டி, "நீயே ஓட்டிக் காமி" என்றார்.

பூஜை போட்டார்கள். தேங்காய் உடைத்து, சந்தனம் வைத்து, கடைசியில் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளீனர் முழித்தார். "எந்தச் சக்கரத்துக்கு அடியில வைக்கறதுங்க?" என்றார். கரையே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மூட்டை மாதிரி ஒரு சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தீர்கள்.

"மச்சான், இதைப் போட்டுக்கோங்க."

"நெறமாசப் பொம்பளையாட்டம் இருக்குது. எடுத்துட்டுப் போங்க மாப்ளே."

"போடலீன்னா வண்டி கெளம்பாதுங்க."

"சாவி எங்க? குடுங்க இப்படி."

"சாவியே கெடையாதுங்க. இந்தக் கவுறுதான் சாவி." சிவப்புக் கயிற்றின் நுனியைக் காட்டினீர்கள். அதை ஒரு பொத்தானுக்கு அடியில் செருகினால்தான் எஞ்சின் கிளம்பும். உருவினால் நின்றுவிடும். "இது என் கையில இருக்குது. சட்டையப் போடுங்க, குடுக்கறேன்."

அத்தனை பேர் பார்க்க நின்று வழக்காட முடியாமல் போட்டுக்கொண்டேன். நீங்கள் என் இடது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி இறுக்கினீர்கள்.

"தாலி கட்டற மாதிரியில்ல கட்டறீங்க" என்றேன்.

"ஒங்க தங்கச்சிக்குக் கட்டுனப்பக்கூட இவ்வளவு பயம் இல்லீங்க" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "மச்சான், இது லாரி இல்லீங்க. தண்ணியப் பின்னால பீச்சித்தான் இது திரும்பும். ஆக்சிலேட்டர விட்டா பீச்சறது நின்னுபோவும், ஸ்டேரிங் வெறும் கம்பி. எதுக்கால எது வந்தாலும், ஸ்டேரிங்க ஒடிக்கறப்ப விட்ராதீங்க. அமுத்திக்கிட்டே ஒடிங்க."

"பிரேக் எங்க?"

"பிரேக் இல்லீங்க."

"பிரேக் இல்லாத வண்டியா!"

"அதுக்குத்தானுங்க சொல்றேன். அப்புறம், கெளப்பறதுக்கு முன்னால ஒருக்கா திரும்பிப் பாருங்க. பின்னால ஆள் நிக்குதான்னு."

"ஸ்டேரிங்கு இருக்கற எதையும் நான் திருப்புவேன் மாப்ளே. நகருங்க" என்றேன்.

இடுப்பளவு தண்ணீர் வரை நீங்கள்தான் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஐந்து நிமிஷம் நான் ராஜா. கரையில் விசில் பறந்தது. உங்கள் கழிகளைத் தாண்டி, ஆறு வளைகிற இடத்தைப் பார்த்து அமுக்கிவிட்டேன். அந்த வளைவில் எதிர்க்கரையிலிருந்து ஒரு பரிசல் வந்துகொண்டிருந்தது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மூன்று பேர், அதில் ஒரு பெண் கையை ஆட்டிக் கத்தினாள்.

லாரிக்காரன் உடம்பு என்ன செய்யும்? குறுக்கே ஆடு வந்தாலும் ஆள் வந்தாலும் முதல் காரியம் ஆக்சிலேட்டரை விடுவது, அப்புறம் ஸ்டேரிங்கை ஒடிப்பது. யோசிக்கிறதுக்கு முன்னே கை அதைச் செய்துவிட்டது. வண்டி திரும்பவில்லை. ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பியிருக்கிறது, வண்டி நேராகப் பரிசலைப் பார்த்துச் சறுக்கிக்கொண்டு போகிறது. எனக்குப் பிரேக் மிதிக்கக் கால் துடித்தது. மிதிக்க ஒன்றும் இல்லை.

அப்போது உங்கள் குரல் காதில் கேட்டது. கேட்டது என்றுதான் சொல்வேன். "அமுத்திக்கிட்டே ஒடிங்க." பயத்துக்கு எதிராக, உடம்பு முழுக்க வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஆக்சிலேட்டரை அமுக்கினேன். வண்டி ஒரே வெட்டாக வெட்டித் திரும்பியது. பரிசலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் நீளம் இருந்திருக்கும். வண்டி திரும்பிய வேகத்தில் நான் தூக்கி எறியப்பட்டேன். கயிறு மணிக்கட்டைச் சுண்டி இழுத்தது, எஞ்சின் செத்தது. அது நிற்காமல் போயிருந்தால், திரும்பின திசையில் படித்துறை. அங்கே ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீருக்குள் போன நான் மேலே வந்தது அந்த ஆரஞ்சுச் சட்டையால்தான்.

நீங்கள் நீந்தி வந்து என்னையும் வண்டியையும் சேர்த்துக் கரைக்கு இழுத்தீர்கள். முதலாளி கரையில் நின்று, "என்னடா ஆச்சு?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள், மூச்சு வாங்கிக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்:

"ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கிக்கிச்சுங்க. என் தப்புங்க. மச்சான் இல்லீன்னா பரிசலு ஒடஞ்சிருக்கும்."

"வேல தெரியாதவன் கையில குடுத்தா இதான்" என்றார் முதலாளி.

நான் பேசாமல் நின்றேன். என் வாயில் இருந்தது காவிரித் தண்ணீர் மட்டும் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வடக்கே போகிற ரிக் எனக்குக் கிடைத்தது. உங்கள் பட்டறைக்கு முதலாளியின் வண்டிகள் வருவது நின்றது. கேபிள் மெக்கானிக் என்று உங்களைக் கேலி பேசினார்கள். நீங்கள் தோட்டத்து ஆயில் எஞ்சின்களை எடுத்துச் செய்ய ஆரம்பித்தீர்கள். நன்றாகத்தான் வந்தீர்கள், ஆனால் நடுவில் இரண்டு வருஷம் என் தங்கச்சி பட்ட சிரமம் எனக்குத் தெரியும். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று உங்கள் வீட்டுப் படி ஏறுவேன். "வாங்க மச்சான், காப்பி குடிங்க" என்பீர்கள். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, கத்துகிற வாக்கில் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த வழியையும் நீங்கள் அடைத்துவிட்டீர்கள். இதை நான் இன்றைக்கும் குறையாகத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஆக்சிலேட்டர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. அதில் நான் மாறப்போவதில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்து, உங்கள் காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, நான் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு ஆத்துல கேபிள் சிக்கல சாமி" என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்கண்ணா" என்றாள்.

"அவரு சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு. அந்தக் கேபிளுக்கு எத்தன தடவ எண்ணெய் விட்டு இழுத்து இழுத்துப் பாத்தாரு, நானில்ல கூட இருந்தேன். அது சிக்குமா?" அவளே மேலும் சொன்னாள்: "அந்தச் சட்டையப் போட வெச்சது நாந்தானுங்கண்ணா. எங்கண்ணனுக்கு நீச்சத் தெரியாது, கேட்டா ஒத்துக்கவும் மாட்டாருன்னு மொத நாளே அவருகிட்டச் சொன்னேன். தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னும் சொல்லியிருந்தேன்."

எனக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கிணறு இருக்கிற தோட்டத்தில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தோடுதான் காவிரியில் இறங்கினேன். நீங்கள் அதைத் தெரிந்துகொண்டு, சிநேகிதர்கள் நிறைந்த கரையில் அதைச் சொல்லாமல், "போடலீன்னா வண்டி கெளம்பாது" என்று பொய் சொன்னீர்கள். வண்டிக்கு வேண்டியது கயிறு மட்டும்தான். சட்டை எனக்கு வேண்டியது. அன்றைக்கு இரண்டு பொய் சொன்னீர்கள் மாப்பிள்ளை. ஒன்று என் உயிரைக் காத்தது, மற்றது என் பேரைக் காத்தது.

நேற்றுக் காலை மகள் கேட்டாள். "எதுக்குப்பா தினமும் அந்தக் கவுத்த மாட்டறீங்க? யாரு சொன்னா?"

"உன் மாமா சொல்லிக் கொடுத்தார்" என்றேன்.

"உங்களுக்கா? சொல்லிக் கொடுத்தாரா?" என்று சிரித்துவிட்டாள். சிரிப்பாள்தானே, அவள் பிறந்ததிலிருந்து கேட்டது வேறு கதை. மெஷினை நிறுத்திவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்துப் பரிசல் வரை, கரையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது வரை சொன்னேன். அப்புறம் போனை எடுத்து உங்கள் பெரியவனுக்கும் சொன்னேன். கேபிள் சிக்கவில்லை, உன் அப்பா வேலையில் குறை இல்லை, ஆக்சிலேட்டரை விட்டது நான் என்று. அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க மாமா, சாப்பிட்டீங்களா?" என்றான். உங்கள் பிள்ளை.

இன்றைக்கும் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் மெஷினில் ஏறினேன். ஏறிய பிறகு ஒருக்கா திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் பின்னால் யாரும் நிற்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் கிளப்பினேன்.