சீபாவில் ஏறிய உப்பு

ஜூலை 3

இன்று ஆற்றில் லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு. நீர் அளக்கும் நிலையத்துப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் ஷாக்கிர் அண்ணன்.

"என்ன தங்கச்சி, வளைகுடா என்ன சொல்லுது?"

"தூங்குது. எழுப்பிடாதீங்க."

பலகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மதகைத் திறக்கப் போனார். ஆறு கடலைச் சேரும் எங்கள் சீபாவில் யாரும் நீர் இறைப்பதில்லை. கடல் ஏறும்போது ஆற்றின் நல்ல நீரைப் பின்னுக்குத் தள்ளும். அது வாய்க்காலில் புகுந்து பேரீச்சைக்குப் பாயும், மாடுகளும் அதைத்தான் குடிக்கும். தினமும் இரண்டு முறை. கடல்தான் எங்களுக்கு ஏற்றக்காரன்.

ஜூலை 9

மூன்று. ஆற்றின் மேல்பக்கம் அமாராவில் டைகிரிஸை நடந்தே கடக்கிறார்களாம். வடக்கே மலையில் பனி இல்லை. வந்த கொஞ்சத்தையும் அணைகள் பிடித்துக்கொண்டன. கிழக்கேயிருந்து காரூன் ஆறும் வரவில்லை. எதிர்த்துத் தள்ள ஆளில்லை என்றால் கடல் சும்மா இருக்குமா?

ஜூலை 13

ஐம்பது டிகிரி. மின்சாரம் இல்லை.

ஜூலை 14

ஒன்பது! கருவியைக் கழுவி மறுபடி அளந்தேன். ஒன்பதுதான். மாடு குடித்தால் தாங்காது. நாளை அமாவாசைக் கடலேற்றம் வேறு.

எழுதப் போனேன். அதிகாரி தடுத்தார். "இப்ப வேணாம்மா. ஏற்கெனவே கரன்ட் இல்லன்னு ஜனங்க ரோட்டுல டயரக் கொளுத்திட்டிருக்காங்க. மேல கேட்டுட்டுப் போடலாம்."

பலகையில் பழைய மூன்று அப்படியே நிற்கிறது. அண்ணனுக்காவது ஒரு போன்— செய்யவில்லை. ஏன்? வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் இல்லை.

ஜூலை 15

அதிகாரி இன்னும் மேலே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 17

அண்ணனின் பதினோரு மாடுகளில் நான்கு செத்துவிட்டன. மற்றவை கண் தெரியாமல் சுவரில் முட்டுகின்றன. அண்ணி வஹீதா ஒரு கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்து அதன் வாயில் பிழிந்துகொண்டிருந்தார்.

"போர்டப் பாத்துட்டுத்தானே மதகத் தொறந்தேன்? மூணுன்னுதானே போட்டிருந்துச்சு?" அண்ணன் என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பாட்டிலில் இருந்த மீதித் தண்ணீரை அண்ணியின் துணியில் ஊற்றினேன்.

ஜூலை 18

அண்ணனிடம் சொல்லிவிட்டேன், பதினாலாம் தேதியே ஒன்பது என்று. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"வேற யார் எழுதியிருந்தாலும் நாக்குல வச்சுப் பாத்திருப்பேன், நிதால். உன் கையெழுத்துன்னு விட்டுட்டேன்."

அவ்வளவுதான். அண்ணிதான் கத்தினார். "வெளிய போடி!"

ஜூலை 19

அதிகாரி வருவதற்கு முன்பே போய், பலகை நிறைய 11 என்று எழுதினேன். மசூதி ஒலிபெருக்கியிலும் சொல்லச் செய்தேன். ஜனங்கள் மதகை மூட ஓடினார்கள். கடல் ஏறுவதற்குள் பாதிப் பேருக்குத்தான் நேரம் இருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி பலகையைத் துடைத்தார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

நல்லது. ஐந்து நாள் முன்னால் போயிருக்க வேண்டிய வேலை.

ஆகஸ்ட் 22

அண்ணன் குடும்பத்தோடு கர்பலா போய்விட்டார். செங்கல் சூளையில் வேலையாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோப்பில் ஓலைகள் நுனியிலிருந்து கருகிவருகின்றன. ஒரு கீற்றை ஒடித்து வாயில் வைத்தேன். கரித்தது.

செப்டம்பர் 30

சொந்தமாக ஒரு சின்னக் கருவி வாங்கி, தினமும் அளந்து என் வீட்டுச் சுவரில் எழுதுகிறேன். முதலில் கூட்டமாக வந்தார்கள். இப்போது மூன்று வீட்டார்தான் வருகிறார்கள். மற்றவர்கள் ஊரிலேயே இல்லை.

அக்டோபர் 11

அண்ணனிடமிருந்து போன். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"ஆத்துல எவ்வளவு?"

மூன்று என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஊருக்குத் திரும்பி வந்துவிடுவார்.

"எட்டு."

"நெசமாவா?"

"நெசந்தான் அண்ணே."

சூளையில் யாரோ யாரையோ அதட்டுவது கேட்டது.

"சரி. தோப்ப வித்துடலாம்னு வஹீதாகிட்ட சொல்லிடறேன்."