எனக்கு எதுவரை வருகிறாள்

பாப்பாவின் அப்பாவுக்கு அன்பான வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா?

நேற்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேடிக்கை. எங்கள் கம்பெனியில் தையல் வரிசையின் சூப்பர்வைசர் அம்மா, "பிள்ளை வளர்க்கிறதெல்லாம் ஆம்பளைக்கு வராது" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் மூணு வருஷமா தனியா வளர்க்கிறார். ரெட்டைச் சடை பின்னுவார், பேன் பார்ப்பார், பாப்பாவுக்காக டீச்சர்கிட்ட திட்டும் வாங்கிக்குவார். எனக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது" என்று ஒரு பிடி பிடித்தேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டு, தைத்ததில் மிஞ்சிய கவுன்களில் ஒன்றைப் பாப்பாவுக்குத் தருவதாகச் சொன்னார். "உன் பொண்ணுக்கு எந்த அளவு?" என்று கேட்டார்.

நாள் முழுக்கக் குழந்தைகள் சட்டையாகத் தைக்கிறேன், என் பெண்ணின் அளவு எனக்குத் தெரியவில்லை. போனில் முகம்தான் தெரிகிறது, உயரம் தெரிவதில்லை. பிள்ளை வளர்ப்பது ஆம்பளையா பொம்பளையா என்ற அந்த வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஒரு சின்ன வேலை. பாப்பாவை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலையே கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். எண்ணாக எழுத வேண்டாம். கவுனுக்கு மட்டுமில்லை. நூலைத் தரை தொடும்படி கதவில் கட்டி, பக்கத்தில் நின்று, எனக்கு எதுவரை வருகிறாள் என்று பார்க்க வேண்டும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா