மாப்பிள்ளையின் கால் வளையம்

நவம்பர் 9

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். அண்ணியை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன அன்றே, சமையற்கட்டு வாசலில் நின்று சொன்னேன் – அண்ணன் உட்கார்ந்துவிடுவான், குளத்துத் தண்ணீரை இறக்க மாட்டான், பறவைகள் வேறு குளம் பார்த்துப் போய்விடும். மூன்றும் நடந்தாயிற்று. ஆறாம் வகுப்போடு நின்றவன் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

பால்கெண்டை பிடித்து முடிந்ததும் குளத்துத் தண்ணீரைக் கரண்டிவாயன் பறவையின் முழங்கால் அளவுக்கு இறக்கி, மிச்சம் கிடக்கிற பொடி மீனை அதற்கு விட்டுவிடுவது இந்தக் கழிமுகத்தில் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். போன மாதமே மீன் பிடித்துவிட்டார்கள். அண்ணன் குளம் மட்டும் விளிம்பு வரை நிற்கிறது. அந்த ஆழத்தில் எந்தப் பறவையும் கால் வைக்காது. நான் வைப்பேன், செங்வென் ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடந்தவன் நான். இப்போது அதைப் பற்றி இல்லை.

ராத்திரிச் சாப்பாடு அண்ணன் வீட்டில்தான். அண்ணன் அணைத்து வைத்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். சோறு சோறாக இருந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 12

ஆற்று வாய் வரைக்கும் நடந்து போய் வந்தேன். ஒன்றும் பார்க்கவில்லை. பறவையெல்லாம் அங்கேதான் இருந்திருக்கும்.

நவம்பர் 16

ஞாயிறு. தைபேயிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள். தன்னார்வலர் சட்டையை மாட்டிக்கொண்டு கரை நெடுக நடத்திக் கூட்டிப் போனேன். அலையாத்தி மரங்களுக்குக் கீழே ஒரு கை பெருத்த நண்டுகள் கையை ஆட்டின. "எனக்குத்தான் வணக்கம் சொல்லுதுங்க, இருபது வருசப் பழக்கம்" என்றேன். ஒரு விராலடிப்பான் பருந்து என் தொப்பியை மீன் என்று நினைத்துத் தூக்கிப் போன கதையைச் சொன்னேன். சென்ற வருடம் சொன்னபோது தொப்பி மட்டும் போனது. இந்த முறை மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். என் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

பறவை பார்க்கும் குடிலில் ஒரு பெண் கேட்டார்: "போன தடவை ஒரு அம்மா இருந்தாங்களே, தொலைநோக்கியில பார்த்துக் பறவையோட கால் வளையத்தைப் படிச்சுச் சொல்வாங்களே, அவங்க இல்லையா?"

"லீவுல இருக்காங்க" என்றேன்.

தேநீர் கையில் கொட்டியிருக்கிறது. தோல் சிவந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் 23

அண்ணன் மகள் ஷூ-யுவான் வந்தாள். வந்ததும் வராததுமாகக் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"சித்தப்பா, அப்பா என்னதான் சாப்பிடறார்?"

"நான் சமைக்கறதத்தான். பெரிய ஓட்டல்ல கூப்பிட்டாங்க என்னை, நான்தான் போகல."

"அதான் இப்படி இளைச்சுட்டாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. போகும்போது வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னாள். பிப்ரவரியில் வருகிற சந்திரப் புத்தாண்டு வரைக்கும் பார்ப்பாளாம். அதற்குள் எழுந்து நடமாடாவிட்டால் தைபேக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். குளத்தை யாருக்காவது குத்தகைக்கு விட்டுவிடலாமாம்.

"பதினோராவது மாடியில உங்கப்பன் என்ன பண்ணுவான்?"

"இங்க என்ன பண்றார், சித்தப்பா?"

பதில் வைத்திருந்தேன். நல்ல பதில். அவள் வண்டி கிளம்பிய பிறகு வந்தது.

அவன் போய்விட்டால் நான் எங்கே சாப்பிடுவது – இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

நவம்பர் 30

இன்று மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை என்றால் அண்ணியின் பறவை. இடது காலில் மேலே நீலம், கீழே சிவப்பு என்று இரண்டு அடையாள வளையம் போட்ட கரண்டிவாயன். வருடம் ஒரு தடவை வருகிறான், மூக்கு முட்டத் தின்கிறான், சொல்லாமல் கொள்ளாமல் போகிறான், மாப்பிள்ளை இல்லாமல் வேறென்ன என்பாள் அண்ணி. ஒவ்வொரு வருடமும் அவன் வந்த அன்று வீட்டில் மீன் கஞ்சி உண்டு.

நேராக அண்ணனிடம் போனேன். "அண்ணே, மாப்பிள்ளை வந்திருக்கான்."

அவன் அசையவில்லை.

"ஆற்று வாய் மணல் திட்டுல. அவ்வளவு கூட்டத்துலயும் என் கண்ணுதான் கண்டுபிடிச்சுது."

"ஒத்தைக் கால்ல தூங்கிட்டு இருக்கும்" என்றான். இந்த மாதத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு. "அங்கேயிருந்து வளையம் எப்படித் தெரியும் உனக்கு?"

"தெரிஞ்சுதே. மேல் வளையம் உடைஞ்சிருக்கு. நீலம். பாதி பிளந்து தொங்குது. வழியில எங்கயோ அடிபட்டிருக்கான்."

அண்ணன் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். "எந்தக் கால்?"

"இடது."

மறுபடி டிவியைப் பார்த்தான். ஆனால் முழுச் சோறும் சாப்பிட்டான்.

டிசம்பர் 1

மழை.

டிசம்பர் 4

காலையில் போனால் நாற்காலி காலி. குளத்தங்கரைக்கு ஓடினேன், என் வயதில் இந்த வேகத்தில் ஓடுகிறவன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அண்ணன் வீட்டுச் செருப்போடு மதகின் மேல் குந்தியிருந்தான்.

"குளம் ரொம்பி நிக்குது. அடிபட்டவன் எப்படிடா இதுல இறங்கித் தின்னுவான்?"

"அதத்தானே நான் ஒரு மாசமா சொல்றேன்."

"நீ எதத்தான் சொல்லல."

முதல் மதகுப் பலகையை உருவினான். நான் இரண்டாவதில் கை வைத்ததும் தட்டிவிட்டான். "மொத்தமா தொறந்தா பொடி மீன் பூரா கடல் இறங்கற வத்தத்தோட போயிடும். ஒரு வத்தத்துக்கு ஒரு பலகை. மறந்துட்டியா?"

எனக்கா மறக்கும். சும்மா சோதித்துப் பார்த்தேன்.

டிசம்பர் 10

தண்ணீர் இறங்கிவிட்டது. நடுவில் பள்ளத்தில் மட்டும் பளபளப்பு, சுற்றிலும் சேறு. விடியும்போது கொக்குகள் வந்தன. பிறகு கரண்டிவாயன்கள் – ஒரேயடியாக, யாரோ வெள்ளைத் துணியை உதறிவிட்ட மாதிரி. கறுத்த அலகைத் தண்ணீரில் வைத்து இடமும் வலமும் துழாவிக்கொண்டே வரிசையாக நடந்தன. இதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஏதாவது தோன்றும். இன்று பார்த்தேன், அவ்வளவுதான்.

அண்ணன் அண்ணியின் தொலைநோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தினான். உயரம் அவள் வைத்தபடியே இருந்தது. அவன் அதை ஏற்றவில்லை, குனிந்தே பார்த்தான்.

"ஒண்ணும் தெரியல. எல்லாத்துக்கும் காலெல்லாம் சேறு."

"சேறு காஞ்சா தெரியும்" என்றேன்.

டிசம்பர் 21

குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு. இந்த நாளின் வழக்கப்படி மாவு உருண்டை பிடித்தோம். அண்ணன் பிடித்தவை உருண்டையாக வந்தன. நான் பிடித்தவற்றைப் பற்றி எழுதுவதற்கில்லை.

பகலில் குடிலில் கோ டீச்சரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றவர், வளையப் பறவைகள் வந்த விவரத்தை அவர்தான் சேகரிக்கிறார். "நீலம்-சிவப்பு வந்திருக்காமே? வேற யாருமே பாக்கலையே. நீங்க பாத்தது நிச்சயம்தானா, தியாம் ஐயா?"

"என் கண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா."

"தெரியும். அதான் கேக்கறேன்."

எழுதிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 13

அண்ணன் தினமும் போகிறான். வீட்டிலிருந்து குளம், குளத்திலிருந்து குடில், குடிலிலிருந்து ஆற்று வாய். நானும் கூடவே நடக்கிறேன். அண்ணி இல்லாமல் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்த ஞாபகம் இல்லை. அவள் நடுவில் நடப்பாள், இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே.

மாப்பிள்ளை கிடைக்கவில்லை. நீ பொய் சொன்னாயா என்று அவன் கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். அவன் கேட்கவே இல்லை.

ஜனவரி 20

இரண்டு நாளாக அண்ணன் வெளியே வரவில்லை. டிவி அணைந்தே இருக்கிறது. நான் மட்டும் போய் அந்தத் தொலைநோக்கியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலாக. கழுத்து பிடித்துக்கொண்டது. அதுவாவது வலித்தது.

பிப்ரவரி 9

புத்தாண்டுக்கு முந்தின நாள். ஷூ-யுவான் காலிப் பெட்டியோடு வந்திருக்கிறாள். எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. முழு மீனை மேசையில் வைத்தோம். தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் சந்தேகம் வந்து, தட்டு இரண்டு தடவை சுற்றியது. அண்ணி இருந்தால் கையிலேயே ஒன்று போட்டிருப்பாள்.

"நாளன்னைக்குக் கிளம்பலாம்பா" என்றாள் ஷூ-யுவான். "அங்கயும் பூங்கா இருக்கு. நடக்கலாம்."

அண்ணன் மீனைப் பிட்டுக்கொண்டே சொன்னான்: "வர முடியாது. மாப்பிள்ளை இன்னும் போகல. அவன் போற வரைக்கும் தண்ணிய அளவா வச்சுக்கணும். அதுக்கப்புறம் மீன் குஞ்சு விடணும்."

"அம்மாவோட பறவையா? நீங்க பாத்தீங்களா?"

"முந்தாநாள் பாத்தேன். மதகு ஓரமா நின்னான்."

"அதேதான்னு எப்படித் தெரியும்?"

"மேல் வளையம் உடைஞ்சிருக்கு" என்றான் அண்ணன். "நீலம். பாதி பிளந்து தொங்குது. வழியில எங்கயோ அடிபட்டிருக்கான்."

எனக்கு முள் சிக்கிக்கொண்டது. ஷூ-யுவான் என் முதுகில் தட்டினாள். "சித்தப்பாவும் பாத்தீங்களா?" என்று கேட்டாள். நான் இருமிக்கொண்டே தலையாட்டினேன். அண்ணன் என் கிண்ணத்தில் வெறுஞ்சோறு ஒரு உருண்டை வைத்தான். "மெல்லாம முழுங்கு" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 12

பெட்டி காலியாகத்தான் வந்தது. உலர்ந்த மீனும் சிப்பியும் நிரப்பி அனுப்பினோம். மூட முடியாமல் நான் மேலே உட்கார வேண்டியதாயிற்று.

மார்ச் 22

வடக்கே போய்விட்டன. கடைசிக் கூட்டம் நேற்று காலையில் எழும்பி, ஆற்று வாய்க்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. மாப்பிள்ளை தன் குளத்தின் மேலே மட்டும் தனியாக இரண்டாவது சுற்று சுற்றினான் என்று அண்ணன் குடிலில் வைத்து எல்லோரிடமும் சொன்னான். தைபேக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். கோ டீச்சர் என்னைப் பார்த்தார். என்னத்துக்கு என்னைப் பார்க்க வேண்டும்.

இன்று கடல் ஏற்றத்தில் தண்ணீர் விட்டு மதகை அடைத்தோம். அண்ணன் கஞ்சி வைத்தான். பால்கெண்டையின் வயிற்றுத் துண்டை என் கிண்ணத்தில் போட்டான். அது அண்ணி எனக்குப் போடுகிற துண்டு. உப்பு கொஞ்சம் தூக்கல். தூக்கல் என்று தெரிந்தது.

நவம்பர் முப்பதாம் தேதி திட்டில் ஒரு பறவை தூங்கிக்கொண்டு நின்றது உண்மை. காலில் ஏதோ ஒரு வளையம் இருந்ததும் உண்மை. நிறம் தெரியவில்லை. அது உடைந்திருந்தது என்பது மட்டும், அண்ணன் நம்ப வேண்டுமே என்று, அவன் முன்னால் நின்றுகொண்டே நான் சேர்த்தது.