ஆளில்லாத கூட்டம்

வியாழன், இரவு.

இல்லை, தோட்டத்து ஆட்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. பதுளை நகர மையத்தில் பூங்கா அமைக்க, அங்கே தேயிலைத் தோட்டத்து பஸ்கள் நிற்கும் தரிப்பிடத்தை எங்கள் அலுவலகம் ஊருக்கு வெளியே தள்ளப்போகிறது. அதற்குக் கருத்துக் கேட்கும் கூட்டத்தை இன்று காலை, கொழுந்தெடுக்கும் நேரத்தில் வைத்தார்கள். தோட்டத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

"உங்கட ஆக்கள் வரேல்லைத்தானே. எதிர்ப்பில்லை எண்டு எழுதும், பிள்ளை," என்றார் மேலதிகாரி.

தோட்டத்து லயக் குடியிருப்பில் இருக்கும் சித்தியிடம், ஏன் வரவில்லை என்று போனில் கேட்டேன்.

"வந்தா ஒருநாள் பேரு போயிரும்டி, கூலி கெடைக்காது. ஒங்க ஆபீசா சம்பளம் குடுக்கும்? ஞாயித்துக்கெழம வையி. சாமான் வாங்க டவுனுக்கு வருவோம்ல, அப்படியே ஒங்களத் திட்டிட்டுப் போறோம்."

மேலதிகாரியிடம் வாதாடத் தெம்பில்லை. 'எதிர்ப்பில்லை' என்ற வரியையும் எழுதவில்லை. ஞாயிறு மறுபடி கூட்டம் வைக்க வேண்டும் என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வருமுன் போனை அணைத்துவிட்டேன்.