ஊருக்கு ஒரே இசபெல்லா

மார்ச் 3

மூத்த பேரன் ராமிரோ மொந்தேவிதேயோ துறைமுகத்தில் இஞ்சினியர் ஆகிவிட்டான். பேத்தி ஃப்லோரென்சியா நர்ஸ் பரீட்சையில் பாஸ், அதுவும் முதல் தடவையிலேயே. சின்னவன் புருனோ படகுப் போட்டியில் கோப்பை வாங்கினான். இவர்களோடு சேர்த்து நான் சொல்வது எங்கள் இசபெல்லாவை. ஐம்பத்தொன்பதாம் வருடத்துக் கார், இன்னும் ஓடுகிறது!

வருடா வருடம் கார் திருவிழாவில் மைக் பிடிக்கிறவர், எங்கள் ஊர் கார்மெலோவில் எந்த வண்டி எத்தனை மிச்சம் என்று சொல்வார். சொந்தச் சக்கரத்தில் உருண்டு வந்தால்தான் கணக்கு. "இசபெல்லா, ஒன்றே ஒன்று!" ஒற்றையாய் மிஞ்சிய வண்டிதான் ஊர்வலத்தில் முன்னால் போகும். முன் சீட்டில் நான்.

மார்ச் 8

எதிர்வீட்டு தெல்மிராவின் இசபெல்லாவில் இத்தனை வருடம் கோழிதான் முட்டையிட்டது. இன்று அது உறுமியது. மருமகன் சரிசெய்துவிட்டானாம். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சுல்மா, கேட்டுச்சா? இனி ஊர்ல ரெண்டுடி!"

"இருமுது. டாக்டர்கிட்ட காட்டு" என்றேன்.

ரெண்டா?

மார்ச் 11

தெல்மிரா மாத்தே தேநீர்க் குடுக்கையோடு வந்து உட்கார்ந்தாள். அவள் வண்டிக்கு முன் கண்ணாடி இல்லையாம். அது இல்லாமல் ரோட்டில் விடமாட்டார்கள். "உங்க கொட்டகையில ஒண்ணு கெடந்துச்சே?"

"அது எப்பவோ ஒடஞ்சுபோச்சு."

கம்பளியில் சுற்றி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 14

மழை. நான் மாவு ரொட்டி பொரிக்குமுன்னே அவள் ஒரு தட்டு அனுப்பிவிட்டாள். என்னுடையதைவிட மெத்து. இதிலுமா!

மார்ச் 20

திருவிழா. எங்கள் வண்டி கிளம்பவில்லை. இஞ்சினுக்குப் பொறி பிரித்துக் கொடுக்கிற டிஸ்டிரிபியூட்டர் மூடி விரிசல் விட்டுவிட்டது என்றான் என் மகன் வால்டெர். அந்த மூடி ஊரில் இன்னொரு இடத்தில்தான் உண்டு. தெல்மிராவிடமா கேட்பேன்? அவளே தன் வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். "பிடி. ரெண்டும் வீட்ல நின்னா இசபெல்லாவே இல்லன்னு சொல்லிடுவான்டி அந்த மைக்குக்காரன்."

"ஒன்றே ஒன்று!" முன் சீட்டில்தான் இருந்தேன். கூட்டத்தில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது அவள். தாங்கல. பெரிய மனசுகூட அவகிட்டதான் இருக்கணுமா? எனக்கு ஏன் வரல —

மார்ச் 21

வால்டெரும் நானும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனோம். அதன் மேல் அவள் மூடி.

"ஒடஞ்சுதுன்னியே?"

"ஒட்டிக்கிச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் பறந்தது. எங்களுக்கு வேறு மூடி தேட ராமிரோவிடம் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 18

மூடி வந்தது. ஆற்றங்கரைச் சாலையில் இரண்டும் ஒன்றாகப் போயின. அவளுடையதில் புதுப் பெயிண்ட். வயிறு எரிகிறது.

ஃப்லோரென்சியாவுக்கு எழுத வேண்டும்: சுவரில் இருக்கிற படத்தில் ஒரு வண்டிதான். லீவில் வந்து புதுசாய் எடுத்து, தபாலில் அனுப்பு. ரெண்டும் முழுசாய்த் தெரியணும். எங்களுது மட்டும் அரை முழம் முன்னால் நிற்கட்டும்.